குடிமைப் பாதுகாப்பிலும் துணைத் தீயணைப்பிலும் தன்னார்வலராகச் சேர: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

2025 மே 7 அன்று நாட்டின் 244 குடிமைப் பாதுகாப்பு மாவட்டங்களில் ஒத்திகை என்று அறிவித்தார்கள். தமிழ்நாட்டில் சென்னைத் துறைமுகத்திலும் கல்பாக்கம் அணுமின் நிலையத்திலும் அது நடந்தது. அந்த வாரம் முழுக்க எனக்கு ஃபோன் ஓயவில்லை. தெரிந்தவர், தெரியாதவர் எல்லோருக்கும் ஒரே கேள்வி: "சிவில் டிஃபென்ஸில் எப்படிச் சேர்வது?" நான் சில வருடங்களாகத் தன்னார்வலனாக இருக்கிறேன். புதிதாக வருகிறவர்களின் பயிற்சிக்கும் கூடமாட உதவுகிறேன். இதுவரை வாயால் சொல்லிவந்த பதில்களை இங்கே எழுதி வைக்கிறேன்.

குடிமைப் பாதுகாப்பு என்றால் என்ன? போலீஸா, ராணுவமா?

இரண்டும் இல்லை. தாக்குதலோ பேரிடரோ வரும்போது மக்களே மக்களைக் காப்பாற்றிக்கொள்ள அமைத்த ஏற்பாடு இது. கையில் ஆயுதம் கிடையாது, யாரையும் கைது செய்யும் வேலையும் இல்லை. 1962 சீனப் போரின்போது அவசரமாக உருவான ஏற்பாடுகளுக்குப் பிறகு, 1968இல் குடிமைப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. அது முழுக்க முழுக்கப் போரை மனதில் வைத்து எழுதப்பட்ட சட்டம். 2009இல் திருத்தம் செய்து வெள்ளம், புயல், நிலநடுக்கம் போன்ற பேரிடர்களையும் சேர்த்தார்கள். நம் ஊருக்கு அந்தத் திருத்தம்தான் முக்கியம். சென்னையில் கடைசியாக எதிரியின் குண்டு விழுந்தது 1943இல். தண்ணீர் எத்தனை முறை ஊருக்குள் புகுந்தது என்பதை நான் சொல்ல வேண்டியதில்லை.

வேலைகளை 12 பிரிவாகப் பிரித்திருந்தார்கள்: தலைமையகம், தகவல் தொடர்பு, வார்டன், காயமடைந்தோர் பராமரிப்பு, தீயணைப்பு, பயிற்சி, மீட்பு, கிடங்கு மற்றும் போக்குவரத்து, நலப்பணி, பொருள் மீட்பு, சடலங்களை அகற்றுதல், வழங்கல். இந்தப் பட்டியலைப் படித்துக் காட்டினால் சடலம் என்ற இடத்தில் புதியவர்கள் கொஞ்சம் அமைதியாகிவிடுவார்கள். ஆனால் 2004 டிசம்பர் 26 சுனாமிக்குப் பிறகு நாகப்பட்டினத்தில் இருந்தவர்களைக் கேளுங்கள், அது எவ்வளவு பெரிய சேவை என்று சொல்வார்கள்.

துணைத் தீயணைப்புப் படை என்று ஏன் தனியாகச் சொல்கிறார்கள்?

அந்தப் பெயர் இங்கிலாந்திலிருந்து வந்தது. போர் வரப்போகிறது என்று தெரிந்ததும் 1938இல் அங்கே பொதுமக்களிடமிருந்து ஆள் சேர்த்து அந்தப் படையை அமைத்தார்கள். எழுத்தர், கடைக்காரர், டாக்ஸி ஓட்டுநர் என்று எல்லாரும் சேர்ந்தார்கள். நிரந்தரத் தீயணைப்பு வீரர்களைவிட அவர்கள் பல மடங்கு அதிகம். லண்டனில் வாடகை டாக்ஸிகளின் பின்னால் பம்பைக் கட்டி இழுத்துப் போனார்கள். போர் தொடங்கியும் குண்டு விழாத முதல் சில மாதங்கள் "சும்மா உட்கார்ந்து சம்பளம் வாங்குகிறார்கள்" என்று ஊரே ஏசியது. 1940 செப்டம்பர் 7இல் குண்டுவீச்சு தொடங்கி 57 இரவுகள் தொடர்ந்தபோது நகரத்தைத் தாங்கிப் பிடித்தவர்களும் அவர்கள்தான்.

நம் நாட்டில் குடிமைப் பாதுகாப்பின் தீயணைப்புப் பிரிவுக்கு இரண்டு அடுக்கு. ஒன்று, தெருவிலேயே இருக்கும் சிறு குழு. கையால் அடிக்கும் ஸ்டிரப் பம்ப், வாளி, மணல் இவற்றைக் கொண்டு தீயைப் பிறந்த இடத்திலேயே அணைப்பது அவர்கள் வேலை. இன்னொன்று, தீயணைப்பு நிலையத்து வீரர்களுக்குத் துணையாக ஹோஸ் விரிக்க, தண்ணீருக்கு ஏற்பாடு செய்ய, கூட்டத்தை விலக்கப் பயிற்சி பெற்றவர்கள். வண்டி வந்த பிறகு அங்கே அதிகாரி சொல்வதுதான் சட்டம். நாம் துணை மட்டுமே.

ஊர்க்காவல் படையும் ஆப்தமித்ராவும் இதுவும் ஒன்றா?

இல்லை. ஊர்க்காவல் படை காவல்துறைக்குத் துணை: திருவிழாக் கூட்டம், போக்குவரத்து, ரோந்து. ஆப்தமித்ரா தேசியப் பேரிடர் மேலாண்மை ஆணையம் 2016இல் தொடங்கிய திட்டம். வெள்ள ஆபத்து உள்ள 30 மாவட்டங்களில் 6,000 பேர் என்று ஆரம்பித்து, பிறகு 350 மாவட்டங்களில் 1 லட்சம் பேர் என்று விரிவாக்கினார்கள். 12 நாள் பயிற்சி, காப்பீடு, உபகரணப் பை உண்டு. வயது 18 முதல் 40. உங்கள் மாவட்டத்தில் எது நடக்கிறதோ அதில் சேருங்கள். நல்ல பயிற்சி எந்தப் பெயரில் வந்தால் என்ன?

யார் சேரலாம்?

குடிமைப் பாதுகாப்பு விதிகளின்படி 18 வயது நிரம்பியிருக்க வேண்டும், குறைந்தது நான்காம் வகுப்பு தேறியிருக்க வேண்டும், உடல்தகுதி வேண்டும். இந்தியக் குடிமக்களோடு நேபாளம், பூடான் நாட்டவரும் சேரலாம் என்பது பலருக்குத் தெரியாது. படிப்புத் தகுதியைத் தளர்த்தவும் அதிகாரிக்கு உரிமை உண்டு.

காகிதத்தில் இல்லாத தகுதி ஒன்று இருக்கிறது. நீங்கள் பெரும்பாலும் ஊரில் இருக்கிறவரா? தச்சர், எலக்ட்ரீஷியன், பிளம்பர், ஆட்டோ ஓட்டுநர், மளிகைக்கடைக்காரர், மீனவர் இவர்களெல்லாம் எனக்குத் தெரிந்து மிகச் சிறந்த தன்னார்வலர்கள். எந்த வீட்டு மெயின் சுவிட்ச் எங்கே இருக்கிறது, எந்தச் சந்தில் வண்டி திரும்பாது, எந்த மாடியில் படுத்த படுக்கையாக ஒரு பாட்டி இருக்கிறார் என்பதெல்லாம் அவர்களுக்கு மனப்பாடம்.

பெண்கள் சேரலாமா?

தாராளமாக. எல்லாப் பிரிவுகளிலும் சேரலாம். அதுவும் பகல் நேரத்தில் தெருவில் இருப்பவர்களில் பெண்களே அதிகம். அடுப்படியில் பற்றும் தீயை முதலில் பார்ப்பதும் அவர்கள்தான். எங்கள் குழுவில் முடிச்சுப் போடுவதில் யாராலும் முந்த முடியாதவர் பூக்கட்டும் ஒரு அக்கா. நாற்காலி முடிச்சு என்று ஒன்று உண்டு. கயிற்றில் இரண்டு சுருக்குப் போட்டு, ஒன்றை அக்குளுக்கும் இன்னொன்றை முழங்காலுக்கும் மாட்டி, ஆளை மாடியிலிருந்து இறக்குவது. மற்றவர்கள் ஒரு மாதம் தடுமாறியதை அவர் இரண்டாவது முறையே கண்ணை மூடிக்கொண்டு போட்டார்.

எங்கே விண்ணப்பிக்க வேண்டும்?

சட்டப்படி ஒரு பகுதியின் கட்டுப்பாட்டு அதிகாரி மாவட்ட ஆட்சியருக்குக் குறையாத தகுதியில் இருப்பவர். அதனால் முதலில் ஆட்சியர் அலுவலகத்தின் பேரிடர் மேலாண்மைப் பிரிவில் கேளுங்கள். 1077 என்ற மாவட்ட எண்ணில் அழைத்தும் யாரைப் பார்க்க வேண்டும் என்று விசாரிக்கலாம். மத்திய அரசின் மை பாரத் தளத்திலும் 2025 மே மாதம் இளைஞர்களைக் குடிமைப் பாதுகாப்புத் தன்னார்வலர்களாகப் பதியச் சொல்லி அழைப்பு வந்தது. அங்கே பதிந்தாலும், நேரில் ஒரு முறை போய்ப் பேசிவிட்டு வாருங்கள். பெயர் பட்டியலில் இருப்பதும் பயிற்சிக்குக் கூப்பிடப்படுவதும் ஒன்றல்ல.

விண்ணப்பத்துக்கோ பயிற்சிக்கோ சீருடைக்கோ யாராவது தரகர் பணம் கேட்டால் கொடுக்காதீர்கள். அலுவலகத்தில் சொல்லிவிடுங்கள்.

சம்பளம் உண்டா? இது பின்னால் அரசு வேலை ஆகுமா?

அதிகம் வரும் கேள்வி இது, நான் ஒளிவுமறைவில்லாமல் பதில் சொல்ல வேண்டிய கேள்வியும் இதுதான். சம்பளம் இல்லை. பணிக்கு அழைக்கப்படும் நாளுக்குப் படி கிடைக்கலாம். அது மாநிலத்துக்கு மாநிலம் மாறும். தீயணைப்பு வீரர் வேலை வேண்டும் என்றால் அது தமிழ்நாடு சீருடைப் பணியாளர் தேர்வாணையத்தின் வழி. எழுத்துத் தேர்வு, உடல்தகுதித் தேர்வு எல்லாம் உண்டு. தன்னார்வலர் அடையாள அட்டையைக் காட்டி அதைத் தாண்ட முடியாது.

டெல்லியில் நடந்ததைப் பாருங்கள். குடிமைப் பாதுகாப்புத் தன்னார்வலர்களைப் பேருந்துகளில் மார்ஷல்களாகத் தினப்படிக்கு நிறுத்தினார்கள். அவர்களும் அதை வேலையாக நம்பிக் குடும்பம் நடத்தினார்கள். 2023 நவம்பரில் சுமார் 10,000 பேரை ஒரேயடியாக நிறுத்திவிட்டார்கள். தெருவில் உட்கார்ந்து போராடினார்கள். அவர்கள் மீது நான் குறை சொல்லவில்லை. வேலை கொடுப்பதென்றால் வேலையாகக் கொடுக்க வேண்டும். சேவை என்ற பெயரில் ஆள் எடுத்து முழுநேர வேலை வாங்குவது இரண்டு பக்கமும் தவறு என்பது என் உறுதியான எண்ணம். எனவே பிழைப்புக்கு வேறு வழி வைத்துக்கொண்டு வாருங்கள்.

எனக்கு நல்ல தைரியம் உண்டு. பயிற்சி எதற்கு, நேரே உதவப் போனால் போதாதா?

போதாது. 2012 செப்டம்பர் 5 அன்று சிவகாசி அருகே முதலிப்பட்டியில் பட்டாசு ஆலை வெடித்தது. இறந்தவர்கள் ஏறக்குறைய 40 பேர். அவர்களில் பலர் அந்த ஆலையில் வேலை பார்த்தவர்களே இல்லை. முதல் வெடிச்சத்தம் கேட்டு உதவ ஓடியவர்களும், என்ன ஆயிற்று என்று பார்க்கப் போனவர்களும் அடுத்த வெடிப்பில் சிக்கினார்கள். அவர்கள் மனது எவ்வளவு நல்ல மனது! "இரண்டாவது வெடிப்பு வரும், தள்ளி நில்லுங்கள்" என்று கத்தி, கையைக் கோத்துக் கூட்டத்தை நிறுத்தப் பழகிய பத்து பேர் அங்கே இருந்திருந்தால் என்று நான் இன்றும் நினைத்துக்கொள்கிறேன்.

என் விஷயத்தையும் சொல்கிறேன். சேர்ந்த புதிது. பயிற்சி பாதியில் இருந்தது. எங்கள் தெருவில் பூட்டியிருந்த ஒரு கிடங்கின் ஷட்டர் இடுக்கிலிருந்து புகை வந்தது. நான் ஓடிப்போய் ஷட்டரை ஒரே இழுப்பில் மேலே தூக்கிவிட்டேன். உள்ளே காற்றில்லாமல் கனன்றுகொண்டிருந்த தீ, கதவு திறந்ததும் மூச்சு வாங்கியதுபோல் வெளியே பாய்ந்தது. புருவமும் முன்னங்கை முடியும் போயிற்று. என் பின்னாலேயே ஓடி வந்த பையனுக்குக் கழுத்தில் கொப்புளம். இரண்டு வாரம் அவன் சட்டைக் காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டு நடந்ததைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு நெஞ்சு அடைத்தது. மூடிய கதவைப் புறங்கையால் தொட்டுப் பார்க்க வேண்டும், சுட்டால் திறக்கக் கூடாது, சுடாவிட்டாலும் குனிந்து ஓரமாக நின்றே திறக்க வேண்டும். அடுத்த வாரத்துப் பாடத்தில் இதைத்தான் சொல்லித் தந்தார்கள்.

பயிற்சியில் என்னதான் சொல்லித் தருவார்கள்?

முதலுதவி, தூக்கிச் செல்லும் முறைகள், முடிச்சுகள், தீயின் வகைகள், அணைப்பான் கையாளுதல், இடிபாடுகளில் தேடுதல், வெள்ளத்தில் கையில் கிடைத்ததை வைத்து மிதவை கட்டுதல். தீயணைப்பைப் பற்றி மட்டும் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

ஹோஸைப் பார்த்தால் துணிப்பட்டைபோல் சாதுவாக இருக்கும். 63 மில்லிமீட்டர் விட்டமுள்ள 15 மீட்டர் ஹோஸில் தண்ணீர் நிறைந்தால் தண்ணீரின் எடை மட்டும் 45 கிலோவுக்கு மேல். அழுத்தம் ஏறியதும் தரையில் கிடக்கும் மடிப்புகள் எல்லாம் உயிர் வந்ததுபோல் புரண்டு நிமிரும். முனையில் பிராஞ்ச், அதாவது தண்ணீர் பீய்ச்சும் குழலைப் பிடித்திருப்பவரைப் பின்னால் தள்ளும். அதனால் ஒருவர் பிடிக்க, பின்னால் இன்னொருவர் தோளோடு தோள் அணைத்து நிற்பார். முன்னால் இருப்பவர் கை ஓங்கினால்தான் பம்ப் பக்கம் இருப்பவர் தண்ணீர் திறக்க வேண்டும். கத்தினால் இன்ஜின் சத்தத்தில் கேட்காது. முதல் நாள் எல்லாரும் தண்ணீரைத் தீக்கொழுந்தின் உச்சியில் அடிப்பார்கள். அடிவாரத்தில் அடிக்க வேண்டும்.

ஸ்டிரப் பம்ப் என்பது வாளிக்குள் நிற்க வைத்து, வெளியே இருக்கும் மிதியை ஒரு காலால் அழுத்திக்கொண்டு கையால் அடிக்கும் பம்ப். ஒருவர் முனை பிடிப்பார், ஒருவர் அடிப்பார், ஒருவர் தண்ணீர் கொண்டு வருவார், நான்காமவர் செய்தி சொல்ல ஓடுவார். தண்ணீர் தூக்குவதை யாரும் விரும்பிக் கேட்பதில்லை. வாளி காலியானால் மற்ற மூவரும் வெறுமனே நிற்க வேண்டியதுதான் என்று ஒரு முறை செய்து பார்த்தாலே புரிந்துவிடும்.

வீட்டுக்கு வேண்டியதும் இதில் நிறைய உண்டு. வாணலியில் எண்ணெய் பற்றினால் தண்ணீர் ஊற்றாதீர்கள். அடுப்பை அணைத்து, தட்டால் மூடுங்கள். புகை நிறைந்த அறையில் தரையோடு தவழ்ந்து வாருங்கள். மின்சாரத் தீயில் முதலில் மெயினை நிறுத்துங்கள்.

எவ்வளவு நேரம் ஒதுக்க வேண்டும்? நான் வேலைக்குப் போகிறவன்.

அடிப்படைப் பயிற்சிக்குச் சில நாட்கள், அப்புறம் அவ்வப்போது ஒத்திகைகள். வேலைக்குப் போகிறவர்களுக்காகத்தான் இந்த ஏற்பாடே. அலுவலகத்தில் முன்கூட்டியே சொல்லி, விடுப்பு விதி என்ன என்று எழுத்தில் கேட்டு வையுங்கள். சில அரசுப் பணிகளில் இதற்குச் சிறப்புத் தற்செயல் விடுப்பு உண்டு.

எனக்குப் பெரிய கவலை சேரும் கூட்டம் அல்ல, தங்கும் கூட்டம். 2015 சென்னை வெள்ளத்துக்குப் பிறகும், 2025 மே மாதத்திலும் வந்த ஆர்வத்தைப் பார்த்தேன். சண்டிகரில் அந்த மாதம் அழைப்பு விடுத்ததும் அரங்கு நிறைந்து வெளியே வரிசை நின்றது. ஆனால் எதுவும் நடக்காத ஒரு பிப்ரவரி ஞாயிற்றுக்கிழமை காலை, வெயிலில் ஹோஸைச் சுருட்டிக் காயப்போட எத்தனை பேர் வருகிறார்கள்? 40 பேர் பெயர் கொடுத்த குழுவில் நாங்கள் 7 பேர் நின்ற நாள் உண்டு. அந்த 7 பேரை நம்பித்தான் ஐப்பசி கார்த்திகையைத் தாண்டுகிறோம்.

கூப்பிட்டு வராவிட்டால் தண்டனை உண்டா?

உண்டு. முறைப்படி பணிக்கு அழைத்தும் தக்க காரணமில்லாமல் வராவிட்டால் சட்டத்தில் ரூ.500 வரை அபராதம் இருக்கிறது. ஒழுங்கீனத்துக்கு நீக்கவும் செய்யலாம். நீக்கத்தை எதிர்த்து மேல்முறையீடும் உண்டு. நடைமுறையில், உடம்பு சரியில்லை, வீட்டில் விசேஷம் என்றால் சொல்லிவிட்டால் போதும். சொல்லாமல் இருப்பதுதான் பிரச்சினை.

பணியில் அடிபட்டால்?

1962ஆம் ஆண்டின் உடற்காயங்கள் பற்றிய நெருக்கடிக்காலச் சட்டத்தில் குடிமைப் பாதுகாப்புத் தன்னார்வலர்களும் உண்டு. ஆனால் அது போர்க்காலத்துக்காக எழுதியது. சாதாரண நாளில் பயிற்சியில் கால் முறிந்தால் யார் செலவு என்பதைச் சேரும்போதே கேளுங்கள். கேட்பதில் கூச்சம் வேண்டாம். குடும்பம் உள்ளவர்கள் கண்டிப்பாகக் கேட்க வேண்டும்.

போரும் இல்லை, வெள்ளமும் இல்லை. மீதி நாளில் என்ன வேலை?

வார்டன் பணியைச் சொல்கிறேன். 10,000 பேருக்கு ஒரு வார்டன் நிலையம், அதற்குள் 2,000 பேருக்கு ஒரு செக்டர் என்று கணக்கு. அந்த 2,000 பேரைத் தெரிந்து வைத்திருப்பதே வேலை. கூடவே கண்ணில் படும் ஆபத்தைச் சொல்லிக்கொண்டே இருக்க வேண்டும்.

2004 ஜூலை 16 அன்று கும்பகோணத்தில் பள்ளித் தீயில் 94 குழந்தைகள் இறந்தார்கள். சமையல் கூடத்தில் பற்றிய தீ, வகுப்பறையின் கீற்றுக் கூரைக்கு ஏறியது. அதே வருடம் ஜனவரியில் திருவரங்கத்தில் கல்யாண மண்டபத்தில் ஓலைப் பந்தல் பற்றியது. 1997இல் தஞ்சைப் பெரிய கோயில் யாகசாலைப் பந்தலில் 48 பேர். மூன்றிலும் கீற்று, மூன்றிலும் கூட்டம், வெளியேற வழி குறைவு. இவை எதுவும் தீப்பிடித்த பிறகுதான் தெரியவந்த விஷயங்கள் அல்ல. முந்தின நாள் ஒருவர் உள்ளே நடந்து பார்த்திருந்தாலே தெரிந்திருக்கும். அதனால் நாங்கள் மண்டபம், டியூஷன் சென்டர், மாடிப் படிக்கட்டில் அடுக்கிய அட்டைப்பெட்டி என்று பார்த்துச் சொல்கிறோம். எல்லாரும் கேட்பதில்லை. ஒரு டியூஷன் சென்டரில் பின்கதவுக்குக் குறுக்கே பீரோவை நிறுத்தியிருந்தார்கள். நான்கு முறை போய்க் கேட்டோம். ஐந்தாம் முறை போனபோது அதை நகர்த்தியிருந்தார்கள். அன்று டீ சாப்பிட்டுவிட்டுச் சந்தோஷமாக வீட்டுக்குப் போனேன்.

எனக்குத் தீ என்றாலே பயம். நான் வரலாமா?

வாருங்கள். பயம் இருப்பவர் மூடிய கதவைத் தொட்டுப் பார்ப்பார். உயரம், புகை ஒத்துக்கொள்ளாதவர்களுக்குத் தகவல் தொடர்பு, நலப்பணி, முதலுதவி இருக்கின்றன. முகாமில் யார் வந்தார்கள், யார் எந்த மருத்துவமனைக்குப் போனார்கள் என்று தெளிவாக ஒரு நோட்டில் எழுதுகிறவர் இல்லாமல் எத்தனை குடும்பம் அலைந்திருக்கிறது தெரியுமா? ஆஸ்துமா, வலிப்பு, இதயக் கோளாறு இருந்தால் மட்டும் மறைக்காமல் சொல்லுங்கள்.

சைரன் ஒலியில் வித்தியாசம் உண்டாமே?

உண்டு. ஏறி இறங்கி ஊளையிட்டால் ஆபத்து எச்சரிக்கை. ஒரே சீராக நீண்டு ஒலித்தால் ஆபத்து நீங்கிவிட்டது.

எங்கள் ஊரில் இப்படி ஒரு அமைப்பே இல்லையே?

பல ஊர்களில் அதுதான் நிலைமை. அருகிலுள்ள தீயணைப்பு நிலையத்துக்குப் போய், உங்கள் தெருவுக்கோ குடியிருப்புக்கோ செயல்விளக்கம் வேண்டும் என்று எழுதிக் கொடுங்கள். ஏப்ரல் 14 முதல் 20 வரை தீத்தொண்டு வாரம். 1944இல் அந்த நாளில் பம்பாய்த் துறைமுகத்தில் கப்பல் வெடித்து 66 தீயணைப்பு வீரர்கள் இறந்ததை நினைவுகூர்ந்து நடத்துவது. அந்த வாரத்தில் அவர்களே பள்ளி, மருத்துவமனை என்று தேடி வருவார்கள். கல்லூரியில் இருப்பவர்களுக்கு என்எஸ்எஸ், என்சிசி வழியும் உண்டு. தமிழ்நாடு அரசு பாதிப்புக்குள்ளாகும் பகுதிகளில் முதல்நிலை மீட்பாளர்களைச் சேர்க்கிறது. அந்தப் பட்டியலில் உங்கள் பெயர் வர வட்டாட்சியர் அலுவலகத்தில் கேளுங்கள்.

முதல் நாள் பயிற்சிக்கு என்ன கொண்டுபோக வேண்டும்?

ஆதார் நகல், இரண்டு புகைப்படம், ரத்த வகை எழுதிய சீட்டு. பருத்தி உடை போடுங்கள். நைலான் தீயில் உருகி உடம்போடு ஒட்டும். செருப்பு வேண்டாம், ஷூ போடுங்கள். மோதிரம், கைச்சங்கிலியைக் கழற்றி வைத்துவிட்டு வாருங்கள், கயிற்றில் மாட்டும். மாற்று உடை ஒரு செட் அவசியம், கட்டாயம் நனைவீர்கள். நகத்தை வெட்டிவிட்டு, காலையில் சாப்பிட்டுவிட்டு வாருங்கள்.